கதிர்கோல் இல்லாத செல்லில் குரோமோசோமைப் பிரிப்பது யார்?

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு. அதற்குள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை வெளியே எடுத்து நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் வரும். குடியிருக்கும் செல்லைவிட எழுநூறு, எண்ணூறு மடங்கு நீளமான ஒற்றை வளையம். அதில் 46 லட்சம் எழுத்து இணைகள். சத்துள்ள திரவத்தில், 37 டிகிரி வெப்பத்தில் விட்டால் இந்த உயிர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. அதற்குள் வளையம் முழுவதும் பிரதி எடுக்கப்பட வேண்டும், இரண்டு பிரதிகளும் சிக்கு விழாமல் விலக வேண்டும், ஆளுக்கொன்றாக இரு பக்கமும் போய்ச் சேர வேண்டும், நடுவில் சுவரும் எழும்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இடிக்கும். டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் நொதிக்கூட்டம் வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் வேகத்தில், இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் ஓடினாலும் வேலை முடிய 40 நிமிடம் ஆகும். 40 நிமிட வேலையை வைத்துக்கொண்டு 20 நிமிடத்தில் எப்படிப் பெருக முடியும்? 1968-இல் ஸ்டீபன் கூப்பர், சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டர் இருவரும் விடை சொன்னார்கள். ஒரு பிரதி முடிவதற்குள் அடுத்த பிரதி தொடங்கிவிடுகிறது. அதாவது, பிறக்கும்போதே சேய் செல் தன் சந்ததிக்கான பிரதியைப் பாதி எழுதிய நிலையில்தான் பிறக்கிறது. எழுதுவதும் பிரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இத்தனை அவசரத்திலும் டி.என்.ஏ. கிடைக்காமல் வெறும் கூடாகப் பிறக்கும் செல்கள், ஆரோக்கியமான ஈ.கோலைக் கூட்டத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

மனித செல்லில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். குரோமோசோம்கள் தடித்துச் சுருங்கி, செல்லின் நடுவில் வரிசைகட்டி நிற்கும். இரு துருவங்களிலிருந்தும் கதிர்கோல் இழைகள் வந்து அவற்றைப் பற்றி இழுக்கும். இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. குரோமோசோம்கள் பிரிந்த பின், ஆக்டின் என்ற இன்னொரு புரதம் வளையமாக அமைந்து செல்லின் இடுப்பை இறுக்கி இரண்டாக்கும். பாக்டீரியாவில் கதிர்கோல் கிடையாது. வரிசைகட்டி நிற்கும் கட்டமும் கிடையாது. செல்லுக்குள் எலும்புக்கூடு போல நின்று வடிவம் தரும், பொருள்களை நகர்த்தும் புரத இழைகளே அதற்கு இல்லை என்றுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பாடநூல்கள் சொல்லிவந்தன.

இழைகள் இல்லையென்றால் பிரிப்பது எது? 1963-இல் பிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசான் மூவரும் ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டு பிரதிகளும் செல்லின் சவ்வில் அருகருகே ஒட்டியிருக்கும். இடையில் உள்ள சவ்வு வளர வளர, ஒட்டிய இடங்கள் தாமாகவே விலகிப்போகும். தனியாக ஓர் இயந்திரம் தேவையில்லை. எளிமையும் அழகும் கொண்ட இந்தக் கருத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1990-களின் பிற்பகுதியில் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் பச்சை ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து, உயிருள்ள பாக்டீரியாவிலேயே அதன் நடமாட்டத்தைப் பார்க்கும் வழி பிறந்தது. பிரதியெடுப்பு தொடங்கும் இடமான தோற்றப்புள்ளி இரட்டித்ததும் இரண்டு பச்சைப் புள்ளிகளும் சட்டென்று எதிரெதிர்த் திசைகளில் ஓடின. செல் வளரும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவே இல்லை. ஏதோ ஒன்று அவற்றை நகர்த்துகிறது என்பது உறுதியாயிற்று.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் எலும்புக்கூட்டுப் புரதங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஜேக்கப்பின் பாரிஸ் ஆய்வகத்தில் யுகினோரி ஹிரோட்டா, வெப்பத்தைக் கூட்டினால் பிரியவே முடியாமல் நூலாக நீண்டுகொண்டே போகும் ஈ.கோலை வகைகளை 1960-களிலேயே சேகரித்திருந்தார். அப்படி நீளக் காரணமான மரபணுக்களில் ஒன்று உருவாக்கும் புரதம் எஃப்.டி.எஸ்.இசட். 1991-இல் எர்ஃபெய் பி, ஜோ லட்கன்ஹாஸ் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைத் தேடியபோது, பிரியப்போகும் செல்லின் சரியான நடுவில் அது ஒரு வளையமாக அமர்ந்திருந்தது. 1998-இல் கேம்பிரிட்ஜில் யான் லோவே, லிண்டா ஏமோஸ் இருவரும் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தார்கள். மனித செல்லில் கதிர்கோலைக் கட்டும் டியூபுலினும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை மிகக் குறைவு; ஆனால் மடிந்திருக்கும் விதம் அப்படியே ஒன்று. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த உறவு இது.

2001-இல் ஆக்டினின் உறவும் கிடைத்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில் எம்.ஆர்.ஈ.பி. என்ற புரதம் செல்லின் உள்சுவரை ஒட்டிச் சுருள்வில்லாகச் சுற்றிச் செல்வதாக ஜெஃப் எரிங்டன் குழு படம் வெளியிட்டது. அதே ஆண்டில் லோவே, ஏமோஸ் குழு அதன் வடிவம் ஆக்டினைப் போன்றது என்று காட்டியது. செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் இழை இருக்குமானால், குரோமோசோம் அதைப் பிடித்துக்கொண்டு போகலாமே என்று பலரும் நினைத்ததில் வியப்பில்லை. 2005-இல் காலோபாக்டர் என்ற நன்னீர் பாக்டீரியாவில், எம்.ஆர்.ஈ.பி.யை முடக்கும் ஏ-22 என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் தோற்றப்புள்ளிகள் விலகாமல் நின்றுவிட்டன. பாக்டீரியாவின் கதிர்கோல் அகப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை பரவியது.

அந்த நம்பிக்கை அப்படியே நீடிக்கவில்லை. ஈ.கோலையில் அதே ஏ-22-ஐச் சேர்த்து 2007-இல் சோதித்தபோது செல்கள் குச்சி வடிவத்தை இழந்து உருண்டையாகின, ஆனால் டி.என்.ஏ. வழக்கம்போல் பிரிந்தது. 2011-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே, நுட்பமான நுண்ணோக்கிகளில் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தன: செல்லின் நீளவாட்டில் ஓடும் சுருள்வில் அங்கே இல்லை. எம்.ஆர்.ஈ.பி. சின்னச் சின்னத் துண்டுகளாக, செல்லின் குறுக்குச் சுற்றளவில் நகர்ந்தபடி செல்சுவர் கட்டும் நொதிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஈ.கோலையில் கண்ட சுருள்வில், அடையாளத்துக்காக ஒட்டிய ஒளிரும் புரதமே உண்டாக்கிய தோற்றம் என்று மறு ஆண்டு தெரியவந்தது. பத்து ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்ற ஒரு படம், அதே துறையினர் கையாலேயே திருத்தப்பட்டது. எம்.ஆர்.ஈ.பி. குச்சி வடிவத்தைக் காக்கும் புரதம். ஈ.கோலை, பேசில்லஸ் போன்றவற்றில் குரோமோசோமை நகர்த்தும் இயந்திரம் அது இல்லை என்பதே இன்றைய முடிவு.

உண்மையான கதிர்கோல் கிடைத்த இடம் வேறு. அது குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிடில்.

பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே பாக்டீரியா சுமக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம். மருத்துவமனைகளை மிரட்டும் மருந்து எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது. ஆர்-1 என்ற பிளாஸ்மிட் ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், கானமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் எதிர்ப்பைத் தருவது. ஒரு செல்லில் அது சில பிரதிகளே இருக்கும். செல் பிரியும் நேரத்தில் நான்கு பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை போன போக்கில் மிதந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டால், நான்கும் ஒரே பக்கம் சேர்ந்து, மறுபக்கம் வெறுங்கையோடு நிற்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு தலைமுறை என்றால், ஒரே நாளில் பிளாஸ்மிட் இல்லாத செல்கள் கூட்டத்தில் மலிந்துவிடும். ஆர்-1 அப்படித் தொலைவதில்லை. காரணம், தனக்கென்று சொந்தமாக ஒரு கதிர்கோலை அது வைத்திருக்கிறது.

அந்தக் கதிர்கோலுக்கு மூன்றே உறுப்புகள். பிளாஸ்மிடில் பார்-சி என்ற ஒரு சிறு டி.என்.ஏ. பகுதி. அதில் போய் ஒட்டும் பார்-ஆர் என்ற புரதம். பார்-ஆரைப் பற்றிக்கொண்டு இழையாக வளரும் பார்-எம் என்ற புரதம். இந்த பார்-எம் ஆக்டினின் உறவு என்பதும், அது செல்லுக்குள் நீண்ட இழையாகிறது என்பதும் 2002-இல் டென்மார்க்கின் கென் கெர்டஸ் குழுவும் கேம்பிரிட்ஜின் லோவே குழுவும் சேர்ந்து நிறுவிய உண்மை. மனித செல்லில் பிரிப்பது டியூபுலின், இடுப்பை இறுக்குவது ஆக்டின். பாக்டீரியாவில் இடுப்பில் வளையமாக அமர்வது டியூபுலினின் உறவு. பிளாஸ்மிடைப் பிரிப்பது ஆக்டினின் உறவு. ஒரே இரண்டு குடும்பங்கள், வேலையை மட்டும் இடம்மாற்றிக்கொண்டிருக்கின்றன. உயிரியலில் இதைவிட வியப்பான தகவல்கள் அதிகமில்லை.

2007-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டைச் முல்லின்ஸ் குழு இந்த மூன்று உறுப்புகளையும் செல்லுக்கு வெளியே, கண்ணாடித் தகட்டின் மேல் ஒன்றுசேர்த்தது. நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளில் பார்-சி டி.என்.ஏ.வை ஒட்டினார்கள். சுத்திகரித்த பார்-ஆர், ஒளிரும் சாயமேற்றிய பார்-எம், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. இவற்றைச் சேர்த்தார்கள். நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் குட்டை இழைகள் முள்ளாக முளைப்பதும், சற்று நீள்வதும், உடனே உதிர்வதும், மறுபடி முளைப்பதுமாக இருந்தன. முளைத்த இழைகளில் ஒன்று தற்செயலாகப் பக்கத்து மணியின் இழையைச் சந்தித்துவிட்டால் நிலைமை மாறியது. இரு முனைகளிலும் பிடி கிடைத்ததால் இழைகள் உதிராமல் நின்று நீளத் தொடங்கின. இரண்டு மணிகளும் ஒன்றையொன்று விட்டு நேர்கோட்டில் தள்ளப்பட்டன. லேசர் கற்றையால் இழையை நடுவில் வெட்டினால், அறுந்த துண்டுகள் உதிர்ந்து மறைந்தன.

இழை எப்போதும் உதிரத் துடித்துக்கொண்டே இருப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. பார்-எம் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஏ.டி.பி.யைச் சுமந்தபடி இழையில் வந்து சேரும். சேர்ந்ததும் அதை எரித்துவிடும். எரித்தபின் பிடி தளரும். முனையில் பிளாஸ்மிட் இல்லாத இழை வீணாக வளர்ந்துகொண்டே போகாமல் கலைந்துவிடுவதால், அந்த மூலப்பொருள் மீண்டும் தேடுதலுக்குப் பயன்படுகிறது. இரு முனையிலும் பிளாஸ்மிட் உள்ள இழை மட்டும் பிழைத்துத் தள்ளுகிறது. தேடிப் பிடிப்பது, தள்ளுவது, பக்கம் மாறாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும், மேற்பார்வை பார்க்க வேறு எதுவும் இல்லாமல், ஒரே புரதம் செய்து முடிக்கிறது. எதிரெதிர்த் திசையில் செல்லும் இழைகள் நடுவில் பக்கவாட்டில் ஒட்டி இருமுனைக் கதிர்கோலாவதை 2012-இல் அணு அளவில் விளக்கிய ஆய்வின் முதல் ஆசிரியர் பனங்காட் காயத்ரி. கேம்பிரிட்ஜில் அந்தப் பணியைச் செய்த அவர், பின்னர் புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பாக்டீரியா இழைகளைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார்.

தள்ளுவதற்கு ஆக்டின் உறவுதான் வேண்டும் என்றும் இல்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் ஒரு குட்டையிலிருந்து எடுக்கப்பட்ட பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் வகை, கொசுப்புழுவின் குடலைச் சிதைக்கும் நச்சுகளை உருவாக்குகிறது. உலகெங்கும் தேங்கிய நீரில் தெளிக்கப்படும் இந்தக் கொசுப்புழு மருந்தை, புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் தன் சொந்த வகை ஒன்றைக் கொண்டு உருவாக்கியிருக்கிறது. நச்சு மரபணுக்கள் இருப்பது ஒரு பெரிய பிளாஸ்மிடில். அதைச் செல்லின் முனைகளுக்குக் கொண்டுசேர்ப்பது டியூப்-இசட் என்ற டியூபுலின் உறவு என்று 2007-இல் தெரிந்தது. இந்த இழை ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் தேய்ந்தபடி நகரும். தேயும் முனையைப் பிடித்தபடி பிளாஸ்மிட் கூடவே இழுபட்டுப் போகும். பிளாஸ்மிட் தொலைந்தால் கொசுவைக் கொல்லும் சக்தியும் தொலைந்தது.

சரி, குரோமோசோமுக்கு வருவோம். லட்சக்கணக்கான எழுத்துகள் கொண்ட அந்தப் பெரிய வளையத்தை நகர்த்த காலோபாக்டர், பேசில்லஸ், காலராக் கிருமி முதலிய ஏராளமான பாக்டீரியாக்கள் நம்பியிருப்பது பார்-ஏ, பார்-பி என்ற இரட்டையரை. தோற்றப்புள்ளிக்கு அருகில் பார்-எஸ் என்ற எழுத்துக் குறி உண்டு. அதில் பார்-பி வந்து வளைவாகப் பூட்டிக்கொண்டு, இரு பக்கமும் வழுக்கிப் பரவி, ஒரு கொத்தாகத் திரளும். இந்தப் பூட்டுக்கு சி.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும் என்பது 2019-இல்தான் தெரிந்தது. அதுவரை அப்படியொரு பணியில் சி.டி.பி.யை யாரும் எதிர்பார்க்கவே இல்லை. பார்-ஏ மறுபக்கத் துருவம் வரை குரோமோசோமின் மேலேயே படிந்து காத்திருக்கும். பார்-பி கொத்து அதைத் தொட்டதும் பார்-ஏ தன் ஏ.டி.பி.யை எரித்துக் கழன்றுவிடும். கொத்து அடுத்து இருக்கும் பார்-ஏயிடம் போகும்.

முதலில் இதையும் இழுக்கும் இழை என்றே நினைத்தார்கள். நெருங்கிப் பார்த்தபோது தொடர்ச்சியான இழை எதுவும் தெரியவில்லை. 2014-இல் கிறிஸ்டின் ஜேக்கப்ஸ்-வாக்னர் குழு வேறு விளக்கம் தந்தது. செல்லுக்குள் டி.என்.ஏ. ஒருபோதும் அசையாமல் கிடப்பதில்லை. அதன் ஒவ்வொரு பகுதியும் ரப்பர் போல நெளிந்து ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. அப்படி நெளியும் பகுதிகளில் ஒட்டிய பார்-ஏ, பார்-பி கொத்தைப் பிடித்துச் சற்று தூரம் கொண்டுபோய் அடுத்ததிடம் விடுகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்களே, அதேபோலத் தோற்றப்புள்ளி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறி மாறி எதிர்த் துருவத்தை அடைகிறது. திரும்பி வர வழியில்லை, ஏனென்றால் கடந்து வந்த பாதையில் பார்-ஏ உதிர்ந்துவிட்டது. கதிர்கோல் இழை இல்லாமலேயே, டி.என்.ஏ.வின் சொந்த நெளிவையே விசையாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. காலராக் கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இரட்டையர் உண்டு. சிறிய குரோமோசோமின் இரட்டையரை ஆய்வாளர்கள் நீக்கியபோது சில செல்களுக்கு அந்தக் குரோமோசோம் கிடைக்காமல் போயிற்று. அவை சற்று வீங்கி, பெருக முடியாமல் மடிந்தன.

தோற்றப்புள்ளிகள் துருவம் சேர்ந்தாலும் மிச்சமுள்ள நீண்ட உடல் பின்னால் சிக்கில்லாமல் வர வேண்டும். இந்த வேலை எஸ்.எம்.சி. என்ற வளையப் புரதங்களுடையது. பேசில்லஸில் பார்-பியே அவற்றை அழைத்துத் தோற்றப்புள்ளியில் ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து அவை டி.என்.ஏ.வின் இரு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே கடைசி முனை வரை ஓடுகின்றன. இரண்டு பிரதிகளும் தனித்தனி உருண்டையாகத் திரண்டு கொள்வதற்கு இதுவே காரணம்.

பாக்டீரியாவிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஈ.கோலையின் குரோமோசோமுக்கு இந்த பார் இரட்டையர் இல்லை என்பதுதான் விசித்திரம். எஸ்.எம்.சி.யின் உறவான மக்-பி அங்கே உண்டு. அதை நீக்கினால் டி.என்.ஏ. இல்லாத வெற்றுச் செல்கள் பிறக்கின்றன. ஆனால் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? 2006-இல் சுக்ஜூன் ஜுன், பேலா முல்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணினிக் கணக்கில் ஒன்றைக் காட்டினார்கள். குறுகிய குழாய்க்குள் அடைபட்ட இரண்டு நீண்ட சங்கிலிகள் கலந்து கிடக்கும்போது அவற்றுக்கு நெளியக் கிடைக்கும் வழிகள் குறைவு. விலகி நின்றால் அதிகம். ஆகவே யாரும் தள்ளாமலேயே அவை விலகிவிடும். ஈ.கோலையின் குச்சி வடிவம் அப்படியொரு குழாய்தான். இந்த விளக்கம் மட்டுமே போதும் என்று எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் வடிவத்தைக் காக்கும் எம்.ஆர்.ஈ.பி.க்குக் குரோமோசோம் பிரிவில் மறைமுகப் பங்கு இருக்கலாம் என்பதை இது நினைவூட்டுகிறது.

கடைசிக் கட்டம் செல்லின் நடுவில், எஃப்.டி.எஸ்.இசட். வளையத்தருகே நடக்கிறது. சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பதைக் காட்ட, ஈ.கோலையில் மின் என்ற புரதக் கூட்டம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை துருவத்திலிருந்து துருவத்துக்கு ஊசலாடி, வளையம் முனைகளில் அமையாமல் தடுக்கிறது. டி.என்.ஏ. இருக்கும் இடத்தின் மேலே வளையம் அமையாமல் தடுக்கத் தனிக் காவலர்கள் உண்டு. பேசில்லஸில் அது நாக், ஈ.கோலையில் ஸ்லிம்-ஏ. அப்படியும் டி.என்.ஏ.வின் வால் மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டால், எஃப்.டி.எஸ்.கே. என்ற இறைப்பான் புரதம் அதை வினாடிக்குச் சுமார் 5,000 எழுத்து இணைகள் வேகத்தில் உரிய பக்கத்துக்கு இறைத்துத் தள்ளுகிறது. இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகளாகப் பிணைந்திருந்தால் டோபோஐசோமெரேஸ்-4 என்ற நொதி ஒன்றை வெட்டி, மற்றதை அதன் வழியே விட்டு, மறுபடி ஒட்டிவிடும்.

இந்த நொதிக்கும் நம் மருந்துக்கடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர்கள் எழுதும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, டோபோஐசோமெரேஸ்-4 மீதும் அதன் உறவான கைரேஸ் மீதும் பாய்ந்து, வெட்டிய டி.என்.ஏ.வை ஒட்டவிடாமல் செய்தே கிருமியைக் கொல்கிறது. எலும்புக்கூட்டுப் புரதங்களையும் இப்படிக் குறிவைக்க முடியுமா? 2008-இல் எஃப்.டி.எஸ்.இசட். வளையத்தை முடக்கும் ஒரு சேர்மம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் அந்த வழியில் ஒரு மருந்தும் இன்னும் கடைக்கு வரவில்லை. பார்-எம் போன்ற பிளாஸ்மிட் கதிர்கோல்களை உடைக்கும் மருந்தும் இல்லை.

மருந்து எதிர்ப்பு ஒரு கிருமிக் கூட்டத்தில் ஒருமுறை வந்துவிட்டால் ஏன் எளிதில் போவதில்லை என்பதற்கு ஆர்-1 போன்ற பிளாஸ்மிட்கள் சொல்லும் பதில் இது. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திய பிறகும், சுற்றிலும் மருந்தின் சுவடே இல்லாதபோதும், பார்-எம் தன் வேலையைத் தவறாமல் செய்து ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த மரபணுக்களைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி விழுங்குவதை நாம் நிறுத்த வேண்டும்.